பள்ளிக்கூடத்துக்கே மார்க்!

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு அக்கா மகளிடமிருந்து போன். அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகரத்தை ஒட்டிய ஊரில் இருக்கிறாள். அவளுக்கு அப்போது காலை பதினொன்றரை.

"சித்தி, வீடு அமைஞ்சிடுச்சு. மூணு பெட்ரூம், பின்னாடி தோட்டம். அவருக்கு ஆபீஸ் இருபது நிமிஷம்தான். ஆனா ஒரு சிக்கல்."

"என்னடி, வாஸ்து சரியில்லையா?"

"இல்ல சித்தி. அந்த ஏரியா ஸ்கூல் 'சி'."

எனக்குப் புரியவில்லை. 'சி' செக்‌ஷனில் இடம் கிடைத்திருக்கிறதோ என்று நினைத்தேன். அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். அங்கே பிள்ளைகளுக்கு மட்டும் மார்க் இல்லையாம். பள்ளிக்கூடத்துக்கே அரசாங்கம் மார்க் போடுகிறது. ஏ, பி, சி, டி, எஃப். எஃப் என்றால் ஃபெயில். வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ, அந்த எல்லைக்கான அரசுப் பள்ளியில்தான் பெரும்பாலும் இடம். அதனால் வீடு வாங்குவது என்றால் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து வாங்குவது மாதிரி. நாலு மைல் தள்ளி 'ஏ' பள்ளி இருக்கிற பகுதியில் இதே அளவு வீடு பல லட்ச ரூபாய் கூட. மாப்பிள்ளை அதையே வாங்கலாம் என்கிறாராம். இவளுக்குத் தோட்டத்தை விட மனசில்லை. பேத்திக்கு ஐந்து வயது. ஆகஸ்டில் பள்ளியில் சேர்க்க வேண்டும்.

"முப்பது வருஷம் டீச்சரா இருந்தீங்களே சித்தி, நீங்க சொல்லுங்க. 'சி' ஸ்கூல்னா மோசமா?"

தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அதற்கப்புறம் ஒரு வாரமாக எனக்கு இதே வேலை. படித்ததில் சிலது ஆச்சரியமாக இருந்தது. சிலது என் பழைய ஸ்டாஃப் ரூமையே ஞாபகப்படுத்தியது.

பள்ளிகளை அளப்பது அங்கே நாடு முழுக்கச் சூடுபிடித்தது 2002 ஜனவரியில். அதிபர் ஜார்ஜ் புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 'ஒரு பிள்ளையும் பின்தங்கக் கூடாது' என்பது அதன் பெயரின் அர்த்தம். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வருஷாவருஷம் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்க வேண்டும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை வைக்க வேண்டும், முடிவை ஊருக்கே தெரியப்படுத்த வேண்டும் என்றது.

அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல காரியம் இருந்தது. மொத்தச் சராசரியைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று சொன்னது. ஏழை வீட்டுப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், ஸ்பானிஷ் மாதிரி வேறு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் என்று ஒவ்வொரு பிரிவின் முடிவையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னது. ஐந்நூறு பேர் படிக்கிற பள்ளியில் சராசரி எழுபத்தைந்து என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதற்குள் நாற்பது பிள்ளைகள் ஒரு பத்தியைக்கூட வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். சராசரி என்பது பெரிய போர்வை. யாருடைய காலும் வெளியே தெரியாது. அந்தப் போர்வையை இழுத்துவிட்டதற்காக நான் அந்தச் சட்டத்துக்கு ஒரு கும்பிடு போடுவேன்.

கூடவே ஒரு விபரீதமும் இருந்தது. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும், நூற்றுக்கு நூறு பேரும், தேறிவிட வேண்டும் என்றது. ஒவ்வொரு வருஷமும் இலக்கு ஏறிக்கொண்டே போகும். ஏதாவது ஒரு பிரிவு தவறினாலும் மொத்தப் பள்ளியும் தவறியதாகக் கணக்கு. இரண்டு வருஷம் தொடர்ந்து தவறினால் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். அடுத்த வருஷமும் தவறினால் இலவச ட்யூஷன். இன்னும் தவறினால் ஆசிரியர் மாற்றம், பாடத்திட்ட மாற்றம், கடைசியில் பள்ளியையே கலைத்துக் கட்டுவது.

2011ல் பார்த்தால் நாட்டில் கிட்டத்தட்ட பாதிப் பள்ளிகள் தவறியவை. ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொன்னால், நிஜமாகவே நோய் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த வருஷமே அரசாங்கம் மாநிலங்களுக்கு விலக்கு தருவதாக அறிவித்தது.

சரி, மார்க்கை எப்படித்தான் போடுவது? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஒரு டீச்சர் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் முதலிலேயே எண்பது மார்க் வாங்குகிறவர்கள். வருஷக் கடைசியிலும் எண்பதுதான். இன்னொரு டீச்சர் வகுப்பில் பிள்ளைகள் இருபது மார்க்கில் வந்தார்கள், ஐம்பதில் போனார்கள். யார் நல்ல டீச்சர்? என்னைக் கேட்டால் யோசிக்காமல் இரண்டாமவரைச் சொல்வேன். ஆனால் தேர்ச்சியை மட்டும் பார்க்கிற கணக்கில் முதலாமவருக்கு மாலை, இரண்டாமவருக்கு மெமோ.

சிகாகோ நகரத்து அரசுப் பள்ளிகளுக்கு நாடு முழுக்கக் கெட்ட பெயர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ரியர்டன், 2009 முதல் 2014 வரைக்கும் உள்ள தேர்வு முடிவுகளை வைத்து வேறு மாதிரி கணக்குப் பார்த்தார். மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள், எட்டாம் வகுப்பில் எங்கே போனார்கள் என்று பார்த்தார். ஐந்து வருஷத்தில் சிகாகோ பிள்ளைகள் ஆறு வருஷத்துக்கான படிப்பைப் படித்திருந்தார்கள். நாட்டின் பெரிய நகரங்களில் இப்படிப்பட்ட வளர்ச்சி வேறெங்கும் இல்லை. மூன்றாம் வகுப்பில் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதில் அதன் வீட்டு வசதிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கிருந்து எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான் பள்ளிக்கூடம் அதிகம் தெரிகிறது.

டெக்ஸாஸிலும் இதைக் கொஞ்சம் கவனித்திருக்கிறார்கள். அங்கே பள்ளியின் மார்க்கில் எழுபது சதவீதம், தேர்ச்சி அல்லது முன்னேற்றம், இரண்டில் எது அதிகமோ அதிலிருந்து வருகிறது. மீதி முப்பது சதவீதம், பிள்ளைகளின் வெவ்வேறு பிரிவுகள் தனித்தனியாக எப்படிச் செய்திருக்கின்றன என்பதிலிருந்து. அக்கா மகளுக்கு உடனே வாட்ஸ்அப் போட்டேன். "வெறும் 'சி'யைப் பார்க்காதே. உள்ளே மூணு மார்க் தனித்தனியா இருக்கும். 'ஸ்கூல் ப்ராக்ரெஸ்'னு ஒண்ணு இருக்கும் பாரு. அது என்னன்னு எனக்கு அனுப்பு."

அதற்குள் நான் அட்லாண்டா கதையில் மூழ்கிவிட்டேன்.

ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகர் அட்லாண்டா. பெவர்லி ஹால் என்ற அம்மையார் அங்கே பள்ளிகளுக்குத் தலைமை அதிகாரி. அவர் காலத்தில் ஏழைப் பகுதிப் பள்ளிகளின் மார்க் கிடுகிடுவென்று ஏறியது. 2009ல் நாட்டின் சிறந்த கல்வி அதிகாரி என்று விருது கொடுத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சந்தேகம் வந்தது. மாநில அரசு விடைத்தாள்களைச் சோதித்தது. பென்சிலால் வட்டத்தை நிரப்புகிற விடைத்தாள். தப்பான விடையை அழித்துச் சரியான விடையை நிரப்பிய தடங்கள் சில வகுப்புகளில் நம்ப முடியாத அளவுக்கு இருந்தன. 2011 ஜூலையில் விசாரணை அறிக்கை வந்தது. 44 பள்ளிகள். 178 ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள். ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் வார விடுமுறையில் ஒரு டீச்சர் வீட்டில் கூடி உட்கார்ந்து விடைகளைத் திருத்தியிருக்கிறார்கள். விருந்து மாதிரி.

2015 ஏப்ரலில் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. ரவுடிக் கும்பல்களுக்காகக் கொண்டுவந்த சட்டத்தின்படி! தன் மேல் தப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பெவர்லி ஹால், உடல்நலமில்லாததால் விசாரணையைச் சந்திக்காமலே அதற்கு முந்தைய மாதம் புற்றுநோயில் இறந்துபோனார்.

அந்த டீச்சர்களை நினைத்து எனக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. இலக்கை எட்டாவிட்டால் வேலை போகும் என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் பெரிய நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான். வாசிக்கத் தெரியாத பிள்ளை 'பாஸ்' என்று தாளில் வந்துவிட்டால், அப்புறம் அதற்கு யார் வாசிக்கக் கற்றுக் கொடுப்பார்கள்? அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஸ்பெஷல் கிளாஸ் அழிரப்பரோடு போயிற்று.

இப்படிக் கையும் களவுமாகப் பிடிபடாத விளையாட்டுகளும் உண்டு. பாஸ் மார்க்கை ஒட்டி நிற்கிற பிள்ளைகளை மட்டும் பிடித்து வைத்துச் சொல்லிக் கொடுப்பது ஒன்று. எப்படியும் தேறுகிறவனுக்கும் கவனிப்பு இல்லை, எப்படியும் தேறாதவனுக்கும் இல்லை. இதற்கு நாம் அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் என்று ஃப்ளெக்ஸ் வைப்பதற்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்ன பிள்ளைகளின் அம்மாக்களை எனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பார்கள்.

2015 டிசம்பரில் அதிபர் ஒபாமா பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவந்தார். நூற்றுக்கு நூறு என்ற கனவைக் கைவிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கான மத்திய நிதி வாங்குகிற பள்ளிகளில் கடைசி ஐந்து சதவீதத்தை மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது கண்டுபிடிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிள்ளைகள் படிப்பை முடிக்காமல் போகும் உயர்நிலைப் பள்ளிகளும் அந்தப் பட்டியலில் வரும். தேர்வு மார்க் தவிர வேறொன்றையும் அளக்க வேண்டும் என்றார்கள். பல மாநிலங்கள் வருகைப் பதிவேட்டைத் தேர்ந்தெடுத்தன. வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர்? அனுபவத்தில் சொல்கிறேன், பள்ளியின் நாடி பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

கண்டுபிடிப்பது ஓரளவு கைவந்துவிட்டது. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது?

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு வருஷம் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி சரிந்தது. மாவட்டத் தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் பட்டியலை வாசித்து, கடைசியில் வந்த பள்ளிகளின் ஹெச்.எம்.களை எழுந்து நிற்க வைத்தார்கள். எங்கள் ஹெச்.எம். ரிட்டயர்மென்ட்டுக்கு ஆறு மாதம் இருந்த பெரியவர். நின்றார். கணக்கு டீச்சர் பணியிடம் ஏழு மாதமாகக் காலி என்பதை யாரும் கேட்கவில்லை. கேட்காததை அவரும் சொல்லவில்லை. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்து, "காலெல்லாம் வலிக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். எங்கள் பள்ளி பின்தங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தாயிற்று. கணக்கு டீச்சர் வந்தது அடுத்த ஜூனில்.

அமெரிக்காவில் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. பணத்தையும் கொட்டிப் பார்த்தார்கள். ஒபாமா காலத்தில் மிகவும் பின்தங்கிய பள்ளி ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு 20 லட்சம் டாலர் வரை கொடுத்தார்கள். பணம் வேண்டுமென்றால் நாலு வழிகளில் ஒன்றுக்குச் சம்மதிக்க வேண்டும். தலைமையாசிரியரை மாற்றி ஆசிரியர்களில் பாதிப் பேரையாவது மாற்றுவது ஒரு வழி, பள்ளியையே மூடுவது இன்னொரு வழி. 2017 ஜனவரியில் அந்த நாட்டுக் கல்வித் துறையே ஆய்வு முடிவை வெளியிட்டது. மார்க்கிலோ, படிப்பை முடிப்பதிலோ, கல்லூரிக்குப் போவதிலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

பாதி ஆசிரியர்களை மாற்று என்று சொல்லிவிடலாம். அதைவிட நல்ல பாதி எங்கிருந்து வருவார்கள்? கஷ்டமான பள்ளிக்கு நல்ல டீச்சர் ஏன் வர வேண்டும்?

இதற்கு ஒரு பதில் அக்கா மகள் இருக்கிற பக்கத்திலேயே, டல்லாஸில் கிடைத்தது. 2015ல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். நகரத்திலேயே நன்றாகச் சொல்லிக் கொடுப்பவர்கள் என்று பெயர் வாங்கிய ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் தேடிப் பிடித்தார்கள். கடைசியில் நிற்கிற பள்ளிகளுக்கு வந்தால் சம்பளத்துக்கு மேல் வருஷத்துக்குப் பல ஆயிரம் டாலர் தருகிறோம் என்றார்கள். வந்தார்கள். பள்ளி நேரம் முடிந்தும் பிள்ளைகளை வைத்திருந்து சொல்லிக் கொடுத்தார்கள். நகரத்தின் கடைசியில் இருந்த பள்ளிகள் சில வருஷங்களில் நகரத்தின் சராசரியைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டன.

பள்ளிகள் தேறியதும் என்ன செய்தார்கள் தெரியுமா? இதுதான் தேறிவிட்டதே என்று அந்தக் கூடுதல் பணத்தை நிறுத்தினார்கள். நல்ல ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் கிளம்பிப் போனார்கள். மார்க் மறுபடி இறங்கியது. எரிக் ஹனுஷெக் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் கூட்டாளிகளும் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துகிற மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. மாத்திரை சாப்பிட்டதால்தான் சரியாக இருந்தது என்பது அடுத்த ஆஸ்பத்திரி விசிட்டில்தான் அவர்களுக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் 2003ல் லண்டன் பள்ளிகளுக்காக ஒரு முயற்சி நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் டிம் பிரிக்ஹவுஸ். மிகவும் பின்தங்கிய பள்ளிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'வெற்றிக்கான சாவிகள்'. இவை தேறினால்தான் லண்டன் தேறும் என்று அர்த்தம். பெயர் வைத்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாதுதான். ஒவ்வொரு பள்ளிக்கும் அனுபவசாலியான ஆலோசகர் ஒருவரை அனுப்பினார்கள். ஒரே மாதிரி வசதியுள்ள பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, தன்னைப் போன்ற இன்னொரு பள்ளி எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்துக்கொள்ளச் செய்தார்கள். 2010ல் லண்டன் உயர்நிலைப் பள்ளிகள் நாட்டின் மற்ற பகுதிகளைவிட மேலே நின்றன. பெருமை முழுவதும் அந்த முயற்சிக்கே சேராது, வேறு காரணங்களும் உண்டு என்று சொல்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் அங்கே ஹெச்.எம். யாரையும் கூட்டத்தில் நிற்க வைக்கவில்லை. எனக்கு அது போதும்.

டெக்ஸாஸில் கண்டிப்பு அதிகம். ஒரே ஒரு பள்ளி ஐந்து வருஷம் தொடர்ந்து ஃபெயிலானால், ஒன்று அந்தப் பள்ளியை மூட வேண்டும், இல்லையென்றால் மாநில அரசு அந்த நகரத்தின் பள்ளி நிர்வாகத்தையே கையில் எடுத்துக்கொள்ளும். 2015ல் வந்த சட்டம் இது. ஹூஸ்டன் நகரத்தில் வீட்லி உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று. அடிமையாக விற்கப்பட்டுக் கவிஞராக உயர்ந்த ஃபிலிஸ் வீட்லியின் பெயர் வைத்த பள்ளி. நாடாளுமன்ற உறுப்பினராக நாடே அறிந்த பார்பரா ஜோர்டன் 1952ல் படித்து முடித்தது இங்கேதான். இந்தப் பள்ளி வருஷக்கணக்கில் ஃபெயிலானதால் 2019ல் மாநில அரசு நடவடிக்கையை அறிவித்தது. வழக்கு, தடை என்று இழுத்துக்கொண்டே போனது. நடுவில் 2022ல் வீட்லி பள்ளி 'சி' வாங்கிவிட்டது. ஃபெயில் இல்லை! ஆனாலும் 2023 ஜூனில் மாநில அரசு கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பிள்ளைகள் படிக்கும் ஹூஸ்டன் நிர்வாகம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குழு போய், அரசு நியமித்த குழு வந்தது. அதற்கப்புறம் அங்கே மார்க் ஏறியிருக்கிறது. நிறைய ஆசிரியர்கள் வெளியேறியும் இருக்கிறார்கள். சில பள்ளிகளில் நூலகத்தை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைகள் உட்காரும் இடமாக மாற்றியது பெற்றோரைக் கொதிக்க வைத்தது. இது நல்லதா கெட்டதா என்று கேட்டால், நூலகத்தை மூடி வாங்கிய மார்க்கை என்னால் கொண்டாட முடியவில்லை.

இதையெல்லாம் படித்து முடிப்பதற்குள் அக்கா மகளிடமிருந்து மறுபடி போன். இந்தத் தடவை குரலில் தெம்பு.

"சித்தி, நீங்க சொன்ன மாதிரி உள்ள போய்ப் பார்த்தேன். தேர்ச்சிதான் 'சி'. ப்ராக்ரெஸ் 'பி' போட்டிருக்கு. அப்புறம் நேர்லயே போய்ப் பார்த்துட்டு வந்துட்டேன். டீச்சருங்க எத்தனை வருஷமா இருக்காங்கன்னு கேட்டேன். மூணாங்கிளாஸ் டீச்சர் பதினோரு வருஷமா அங்கேயே இருக்காங்களாம்."

"பிள்ளைங்க ஒழுங்கா வர்றாங்களான்னு கேட்டியா?"

"கேட்டேன். ஆபீஸ்ல இருந்த அம்மா என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாங்க. யாரும் இதைக் கேட்டதில்லையாம். எடுத்து அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "சித்தி, அங்க பாதிப் பசங்க வீட்ல இங்கிலீஷ் பேசாதவங்க. சேர்க்கிற ஃபார்ம்ல வீட்ல என்ன பாஷைன்னு ஒரு கேள்வி இருக்கு. இங்கிலீஷ் இல்லன்னு எழுதினா குழந்தைக்கு ஒரு டெஸ்ட் வைப்பாங்க. அதுல சரியா செய்யலன்னா இவளும் அந்தத் தனிக் கணக்குல வந்துடுவா. இங்கிலீஷ்னே எழுதிடலாமேன்னு அவர் சொல்றார்."

"வீட்ல என்ன பேசறீங்க?"

"தமிழ்தான்."

"அப்ப தமிழ்னே எழுது. உதவி தேவைப்பட்டா கிடைக்கட்டுமே."

சரி என்றாள். வீடு இன்னும் முடிவாகவில்லை. சனிக்கிழமை அந்த 'ஏ' பள்ளிக்கும் போய் இதே இரண்டு கேள்வியைக் கேட்கப் போகிறார்களாம்.